திரைக்கு அப்பால் அளக்கப்படவில்லை

பண்டகசாலைத் தெரு,
கற்பிட்டி.
2025 ஜனவரி 3

ஜெமீல்,

ஸலாம் சொல்லாமல் கடிதம் தொடங்கக் கூடாது என்று வாப்பா பழக்கிவிட்டார். அதனால் அஸ்ஸலாமு அலைக்கும். கடமை முடிந்தது.

அறுபத்தொரு வயதில் சொந்தத் தம்பிக்குக் கடிதம் எழுதுகிறாளே, ராத்தாவுக்கு மூளை பிசகிவிட்டதா என்று நீ யோசிப்பாய். பிசகவில்லை. போனில் பேசினால் நீ “ராத்தா, ராத்தா” என்று இரண்டு தரம் இழுப்பாய். எனக்கு அழுகை வரும். சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். காகிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை வாய் திறக்காது. இனி நமக்குள் இப்படித்தான். போன் அடிக்காதே, எடுக்கமாட்டேன்.

இத்தா முடிந்து இன்று எட்டு நாள். உன் மச்சான் நூஹு மௌத்தான நாளிலிருந்து நான்கு மாதமும் பத்து நாளும் பின்னறையில், வெள்ளை உடுத்துக்கொண்டு, திரைக்கு உள்ளேயே இருந்தேன். குளித்து வெளியே வந்ததும் முதல் வேலையாகக் கண்டக்குழிக்கு ஆள் அனுப்பிக் கிளைட்டன் பாஸைக் கூப்பிட்டேன். பின்னறையின் நான்கு மூலைக்கும் வெளியே நூஹு நான்கு கொங்கிரீட் தூண் எழுப்பி வைத்திருக்கிறாரே, அவற்றைக் கட்டிய மேசன் பாஸ் அவர்தான். அந்தத் தூண்களின் மேல் கொங்கிரீட் தட்டுப் போட்டு, இளையவள் றுமானாவுக்கு இரண்டு அறையும் ஒரு குசினியும். நூஹு தன் கையால் அளந்து வைத்த கணக்கு அது. உனக்கும் தெரியும்.

மனிசன் வாசற்படி ஏறவில்லை. “அக்கா, கோவிக்காதீங்க. நான் இதில கை வைக்க ஏலாது. தெருமுனையில போர்ட் அடிச்சிருக்கே, பாக்கல்லயா?” என்றார்.

போய்ப் பார்த்தேன். நான்கு மாதத்துக்குப் பிறகு நான் தெருவில் நடந்த முதல் நடை அந்தப் போர்ட்டைப் பார்க்கத்தான். மூன்று பாஷையிலும் எழுதியிருக்கிறார்கள். பண்டகசாலைத் தெரு, இருபத்து மூன்று வீடுகள், பாதுகாக்கப்பட்ட பழைய குடியிருப்புப் பகுதி. பழந்தெருப் பாதுகாப்புச் சபையின் அனுமதி இல்லாமல் இடிக்கவோ, கூட்டவோ, உயர்த்தவோ கூடாது. “உயர்த்தவோ” என்ற இடத்துக்கு வந்ததும் இன்னொரு தரம் வாசித்தேன். ஹாஜியார் கடைப் பலகை வாங்கில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக் குடித்தேன்.

வீட்டுக்கு வந்து அலுமாரியைக் கிண்டினேன். நூஹுவின் பைலுக்குள் அந்த அறிவித்தலின் பிரதி கிடந்தது. செப்டம்பர் ஐந்தாம் திகதி. ஆட்சேபனை இருந்தால் மூன்று மாதத்துக்குள் தெரிவிக்கவும். அடியில் “ஆட்சேபனை இல்லை. வீட்டுக்காரிக்காக, அவருடைய தம்பி” என்று உன் கையெழுத்து. படம் வரைந்த கையல்லவா, எழுத்து முத்துமுத்தாகத்தான் இருக்கிறது.

இந்த வீடு வாப்பா எனக்குச் சீதனமாக எழுதிய வீடு. முன்பகுதியை மூத்தவள் நப்லாவுக்குக் கொடுத்துவிட்டேன். அவள் மாப்பிள்ளையோடும் பிள்ளைகளோடும் அதில் இருக்கிறாள். றுமானாவுக்குக் கொடுக்க என்னிடம் மிச்சமிருந்தது பின்னறைக்கு மேலே இருக்கிற ஆகாயம். அதையும் நீ மூடிவிட்டாய். பிள்ளைக்கு இருபத்தொன்பது வயது. குறிஞ்சிப்பிட்டி முஹ்ஸினுக்கு அவளைப் பேசி முடித்துவிட்டுத்தான் நூஹு கண்ணை மூடினார்.

ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுது. ஏன் என்னிடம் கேட்கவில்லை?

ராத்தா
பஸீஹா


தெஹிவளை
2025 ஜனவரி 12

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் கடமைக்குச் சொன்னாலும் நான் மனதாரத்தான் சொல்கிறேன். உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். நான்காம் தரம் என் பெண்சாதி வாசித்தாள். “உங்கட ராத்தா கேக்கிறது நியாயம்தானே” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

நான் ஏன் இதில் இறங்கினேன் என்பதை முதலில் சொல்கிறேன். தெருமுனையில் ஜோர்ஜ் ஐயாவின் வீடு இருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பிள்ளைகள் இத்தாலிக்குப் போனபிறகு அதைக் கடல் விளையாட்டுக்கு வருகிற வெள்ளைக்காரர்களுக்கு ஹோட்டல் கட்டுகிற ஆட்களுக்கு விற்றார்கள். போன வருடம் மார்ச்சில் நான் ஊருக்கு வந்த அன்றுதான் அதை இடித்தார்கள். முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வைத்து மூன்று சாண் கனத்துக்குக் கட்டிய சுவர். ஒரு பெக்கோ இயந்திரம் வந்து காலையில் தொடங்கிப் பின்னேரம் அஸர் தொழுகைக்குள் முடித்துவிட்டது. தேக்கு நிலையைக்கூடக் கழற்றி எடுக்கவில்லை, அப்படியே முறித்தார்கள். அதே ஆட்கள் நம்முடைய வரிசையில் நான்கு வீட்டாரிடம் விலை கேட்டுப் போயிருந்தார்கள்.

நான் முப்பத்துநான்கு வருடம் படவரைஞனாக வேலை செய்தவன். எனக்குத் தெரிந்த வேலை வரைவதுதான். இருபத்து மூன்று வீட்டையும் வெளிப்பக்கத்தில் இருந்து வரைந்து சபைக்கு அனுப்பினேன். அவர்கள் ஏற்றுக்கொள்வார்கள் என்று நான்கூட நினைக்கவில்லை.

அறிவித்தல் வந்தபோது மச்சான் மௌத்தாகிப் பதினாறு நாள். கிராம சேவகர் முன்வாசலில் என் கையில் தந்தார். அதை எடுத்துக்கொண்டு உங்கள் திரைவரைக்கும் வந்தேன். உள்ளே யாஸீன் ஓதுகிற சத்தம் கேட்டது. இத்தாவில் இருக்கிற ஒரு மனிசியிடம் அரசாங்கக் காகிதத்தை நீட்டுவதா என்று மனம் வரவில்லை. திரும்பிப்போய் முன் கதிரையில் இருந்து எழுதிவிட்டேன். உங்களுக்குக் கரைச்சல் தரக்கூடாது என்றுதான் நினைத்தேன். இதுதான் உண்மை.

மாடி கட்ட முடியாது என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை. தெரு மிஞ்சினால் போதும் என்றிருந்தது. சபையில் கேட்டுப் பார்க்கிறேன். ஏதாவது வழி இருக்கும், இன்ஷா அல்லாஹ். போனை மட்டும் எடுங்கள்.

தம்பி
ஜெமீல்


கற்பிட்டி
2025 ஜனவரி 21

ஜெமீல்,

ஸலாம்.

இத்தா யாருக்கு மறைப்பு? அந்நிய ஆம்பிளைக்கு. கூடப்பிறந்தவனுக்கு இல்லை. இதை நான் உனக்குப் படிப்பிக்க வேண்டுமா? அந்த நான்கு மாதத்தில் நீ பதினான்கு தரம் ஊருக்கு வந்தாய். பதினான்கு தரமும் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, என் கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாய். முறுக்குத் தின்றாய். கரண்ட் பில்லைக் கொண்டுவந்து காட்டினாய். தண்ணீர் மோட்டரின் சாவி எங்கே என்று கேட்டாய். அதற்கெல்லாம் இல்லாத இத்தா இந்த ஒரு காகிதத்துக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

நீ கேட்டிருந்தால் நான் ஏலாது என்று சொல்லியிருப்பேன். உனக்கு அது தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. கரைச்சல் தராமல் இருக்கத்தான் என்று எழுதாதே. வேலியே பயிரை மேய்ந்துவிட்டுக் காவலுக்கு நின்றேன் என்று சொன்னால் யார் நம்புவது?

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முஹ்ஸின் நான்கு ஆண்பிள்ளைகளில் இரண்டாமவன். குறிஞ்சிப்பிட்டியில் அவர்களுடைய வீடு ஒரு அறையும் ஒரு விறாந்தையும். வெங்காயக் காலத்தில் அந்த விறாந்தையிலும் வெங்காயம்தான் படுக்கும். பெண்ணைக் கூட்டிப்போய் எங்கே வைப்பார்கள்? நம்முடைய வழக்கத்தில் மாப்பிள்ளை வந்து இருப்பதற்கு ஒரு இடம் வேண்டும். அவனுடைய உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “பெரிசா ஒண்டும் வாணாம் பஸீஹா. ஒரு கதவு, அது ரெண்டு பேருக்கும் சொந்தமா இரிக்கோணும். அவ்வளவுதான்” என்றார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னே தட்டாவது போட்டுவிட்டால் அந்தப் பெருநாள் கழிந்ததும் நாள் வைக்கலாம் என்கிறார்கள். நோன்புப் பெருநாளுக்குள் வேலை தொடங்கவில்லையென்றால் அவர்களும் யோசிக்க வேண்டி வரும். இதை அவர் தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார்.

றுமானா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அவர்கள் போனபிறகு கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தாள். உன் நம்பரைத் தன் போனில் அடைத்துவிட்டாள் என்று நப்லாதான் சொன்னாள். மாமா மாமா என்று உன் தோளில் ஏறித் திரிந்த பிள்ளை.

சபைக்குப் போ. நீ எழுதிக்கொடுத்தது செல்லாது, வீட்டுக்காரிக்குத் தெரியாமல் செய்தேன் என்று உன் கையாலேயே எழுதிக்கொடு. அது முடியாமல் இந்தப் பக்கம் வராதே.

பஸீஹா


தெஹிவளை
2025 பெப்ரவரி 17, திங்கட்கிழமை

அன்புள்ள ராத்தா,

இன்று காலையில் இருந்து உங்களுக்குப் பதினொரு தரம் போன் பண்ணிவிட்டேன். எடுக்கவில்லை. நப்லாவின் போனும் இன்று வேலை செய்யவில்லை. அதனால் இதை எழுதி, மகனிடம் கொடுத்துப் பதிவுத் தபாலில் போடுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன வாரம் கண் ஒப்பரேஷன் செய்தார்கள். இரண்டு கிழமைக்கு பஸ் ஏறக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். இல்லையென்றால் நானே வந்து வாசலில் நின்றிருப்பேன்.

முதலில் ஒரு ஒப்புக்கொள்ளல். நீங்கள் எழுதியது சரி. கேட்டால் மறுப்பீர்கள் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. தூண் எதற்கு என்பதும் தெரியும். மச்சான் என்னைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார். “மச்சான், இதிலதான் றுமானாட யன்னல், களப்புக் காத்து நேரா வரும்” என்று கையை நீட்டிக் காட்டினார். அதெல்லாம் தெரிந்தும் கையெழுத்து வைத்தேன். அல்லாஹ் மன்னிக்கட்டும். நீங்கள் மன்னிக்க வேண்டாம்.

இப்போது கவனமாக வாசியுங்கள். நீங்கள் சொன்னபடியே எழுதிக்கொண்டு ஜனவரி கடைசியில் சபைக்குப் போனேன். ஆட்சேபனைக் காலம் முடிந்துவிட்டது, ஒரு வீட்டை மட்டும் கழற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் நம்முடைய வீட்டின் வரைபடப் பிரதியைக் கேட்டு வாங்கி வந்தேன். கண் கட்டு அவிழ்த்தபிறகு இன்றுதான் பெருங்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ராத்தா, பின்னறை அதில் இல்லை. தூண்களும் இல்லை. நடுமுற்றத்தோடு கோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பின்னால் வெறும் வெள்ளை. “திரைக்கு அப்பால் அளக்கப்படவில்லை” என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

உடனே ஞாபகம் வந்தது. ஒக்டோபரில் அளக்க வந்தவர்கள் இரண்டு பேரும் ஆம்பிளைகள். திரைக்கு முன்னால் நின்று, “உள்ள இத்தா இரிக்காங்க, போக ஏலாது” என்று அவர்களைத் தடுத்தது நான்தான். அந்த ஒரு காரியமாவது உங்களுக்காகச் செய்திருக்கிறேன்.

சபையின் சட்டம் வரைபடத்தில் உள்ளதற்குத்தான். வரைபடத்தில் இல்லாத இடத்துக்குப் பிரதேச சபையின் சாதாரண அனுமதி போதும். விட்டுப்போன இடங்களை அளக்க அடுத்த மாதம் ஒரு பெண் உத்தியோகத்தரை அனுப்புவார்களாம். அதற்கு முன்னே கிளைட்டன் பாஸ் தட்டுப் போட்டுவிட்டால், அவர்கள் வந்து வரையும்போது மாடியையும் சேர்த்துத்தான் வரைய வேண்டும்.

ஆகவே, யார் வந்து கேட்டாலும் பின்னறையைத் திறக்காதீர்கள். சுகமில்லை என்று சொல்லுங்கள். சாவி தொலைந்துவிட்டது என்று சொல்லுங்கள். இந்த விஷயத்தை அக்கம்பக்கத்தில் யாரிடமும் போனில் சொல்லி உங்களிடம் அனுப்பவும் எனக்குப் பயமாக இருக்கிறது. நம்முடைய தெருவில் ஒரு கதை சொன்னால் அது உங்களுக்கு வருமுன் சபைக்குப் போய்விடும்.

றுமானாவிடம் சொல்லுங்கள். மாமா ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார் என்று சொல்லுங்கள்.

ஜெமீல்


கற்பிட்டி
2025 பெப்ரவரி 18

தம்பி ஜெமீல்,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தத் தரம் கடமைக்கில்லை.

இன்னும் உன்னிடம் கோபம்தான். ஆனால் நேற்று ஒன்று நடந்தது. அதைச் சொல்ல உன்னை விட்டால் எனக்கு ஆளில்லை. நூஹு இருந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன்.

நேற்றுக் காலை பத்து மணிபோல் சபையில் இருந்து ஒரு பிள்ளை வந்தது. அனுஷ்கா என்று பெயர். சிலாபம் பக்கத்து வேதக்காரப் பிள்ளை, கழுத்தில் சிலுவை, நம்மைப்போலவே தமிழ் பேசுகிறது. அடுத்த மாதம் வரவேண்டியதாம். தலவில கோயிலுக்கு நேர்த்தி வைக்க வந்த இடத்தில், பக்கத்தில்தானே, இந்த வேலையையும் முடித்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறது. “உம்மா, போன முறை வந்தவங்க பின்னறைக்குள்ள போகல்லயாம். நான் பாக்கலாமா?” என்று கேட்டது. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டது.

முதலில் திருப்பி அனுப்பத்தான் நினைத்தேன். உன் சபை ஆட்கள் என்றாலே எனக்கு வயிறு எரியும். பிறகு அது திரையைப் பார்த்து, “ஏன் போகல்ல?” என்று கேட்டது. இத்தா என்றால் என்ன என்று சொன்னேன். அப்படியே நூஹுவைப்பற்றிச் சொன்னேன். எந்தக் கட்டிலில் படுத்திருந்தார், கடைசியில் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினார், தண்ணீர் கேட்டுக் குடித்த பித்தளைக் கோப்பை எது என்று எல்லாம் சொன்னேன். பிள்ளை எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. நூஹு போனதில் இருந்து எல்லோரும் எனக்கு ஆறுதல்தான் சொல்கிறார்கள். அவர் எப்படிப் போனார் என்று ஒருவரும் கேட்டதில்லை, நீயும் சேர்த்துத்தான்.

அப்போது போன் அடித்தது. அடித்து அடித்து நின்றது, திரும்பவும் அடித்தது. “உம்மா, போன் அடிக்கிது” என்றது பிள்ளை. “அடிக்கட்டும் மகள், என்ட தம்பி. மன்னிப்புக் கேக்கப் போறான். கொஞ்சம் கேக்கட்டும்” என்று சொல்லிப் போனைக் கவிழ்த்து வைத்தேன். இரண்டு பேரும் சிரித்தோம். நான் சிரித்து எவ்வளவு நாள்.

பிறகு அறையை அளந்தது. தனியாள் என்பதால் டேப்பின் மற்ற நுனியை நான்தான் பிடித்தேன். நீ சின்ன வயதில் வாப்பாவின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டை அளந்து திரிவாய், என்னை மறுநுனியைப் பிடிக்கச் சொல்லி அழுவாய், அந்த ஞாபகம் வந்தது. சுவர் எவ்வளவு கனம் என்று சொல்லி அது வியந்தபோது, உனக்கு இந்தப் பைத்தியம் ஏன் பிடித்தது என்று கொஞ்சம் விளங்கியதுபோல இருந்தது. நூஹு மௌத்தான அறையும் ஒரு படத்தில் இருக்கட்டும் என்று தோன்றியது. வீட்டுக்காரியின் சம்மதம் என்று ஒரு தாள் நீட்டியது. இந்தத் தரம் என்னிடம் கேட்டார்களே என்று சந்தோஷமாக, என் கையாலேயே கையெழுத்து வைத்தேன். தூண்களையும் வரைந்துகொண்டு போனது.

மாடிக்கு நீ ஏதாவது வழி பார்த்தாயா? நோன்பு பிறக்கப் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. உன் கண் ஒப்பரேஷன் என்று நப்லா சொன்னாள். சொட்டு மருந்தை நேரத்துக்கு விடு.

ராத்தா


கற்பிட்டி
2025 பெப்ரவரி 20

ஜெமீல்,

உன் திங்கட்கிழமைக் கடிதம் இன்று பகல் வந்தது. நான் செவ்வாய்க்கிழமை எழுதியது உனக்கு வந்துகொண்டிருக்கும். வாசி.

வாசித்தபிறகு எனக்கு ஆறுதல் எழுதாதே.

பஸீஹா


தெஹிவளை
2025 மார்ச் 10, நோன்பு

அன்புள்ள ராத்தா,

ஆறுதல் எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றே மகனைக் கூட்டிக்கொண்டு சபைக்குப் போனேன். அனுஷ்கா என்ற பிள்ளையைக் கண்டேன். கெட்டிக்காரப் பிள்ளை. அளந்த அன்று பின்னேரமே படத்தை முடித்துக் கொடுத்துவிட்டது. சபைப் பெரியவர் கையெழுத்தும் வைத்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். பிள்ளையின் முகம் செத்துப்போய்விட்டது. “அந்த உம்மா எனக்கு ரெண்டு தரம் தேத்தண்ணி தந்தாங்க சேர்” என்று மட்டும் சொன்னது. அதன்மேல் எந்தக் குற்றமும் இல்லை. வேலையை ஒழுங்காகச் செய்தது, அவ்வளவுதான். எழுத்தில் ஒரு மனுக் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டம் ஓகஸ்ட் மாதம்.

ராத்தா, ஒன்று சொல்லாமல் விட்டால் நான் மனிசனில்லை. ஜோர்ஜ் ஐயா வீட்டுக் கதையெல்லாம் உண்மைதான். ஆனால் அது பாதிதான். இருபத்துநான்கு வயதில் கலியாணம் முடித்து ஒரு தோல்பையோடு அந்த வீட்டை விட்டு வந்தேன். நம்முடைய வழக்கத்தில் ஆம்பிளைப் பிள்ளைக்கு வீடு இல்லை. பெண்சாதி வீட்டில் இருப்பான், உம்மா வீட்டுக்கு விருந்தாளியாக வருவான். நீங்கள் எனக்குப் புதுப் பாய் விரிப்பீர்கள், நல்ல கோப்பையில் தேத்தண்ணி தருவீர்கள். ஒவ்வொரு தரமும் அந்த நல்ல கோப்பையைக் கண்டால் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்புவேன். அந்த வீடு ஒரு நாளும் என் பெயருக்கு வராது என்று தெரியும். மாறாமலாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். றுமானாவுக்கு மேலே ஒரு வீடு எழும்புவதைப் பார்த்து எனக்குப் பொறாமை என்றுகூடச் சொல்லலாம். அறுபதை எட்டுகிற வயதில் மருமகளோடு பொறாமை.

திறக்காதீர்கள் என்று எழுதினேன். நீங்கள் திறந்ததை நினைத்தால் எனக்கு உங்கள்மேல் ஒரு துளி கோபம் வரவில்லை. பதினொரு தரம் அடித்தும் எடுக்காத அளவுக்கு உங்களை வைத்தவன் நான்தானே.

முஹ்ஸின் வீட்டார் பெருநாள்வரைக்கும் பொறுப்பார்களா?

ஜெமீல்


கற்பிட்டி
2025 ஏப்ரல் 6

தம்பி,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் கழிந்து ஆறாம் நாள்.

அவர்கள் பொறுத்தார்கள். பெருநாளைக்கு மறுநாள் முஹ்ஸினின் உம்மா தனியாக வந்தார். ஒரு தட்டில் இனிப்புத் தொதல் கொண்டுவந்தார். முஹ்ஸினுக்கு நாலாங்கட்டை ஊரில் ஒரு இடம் பேசி வந்திருக்கிறதாம், பெண்ணுக்குத் தனி வீடு இருக்கிறதாம். சொல்லிவிட்டு அவர்தான் அழுதார். நான் அழவில்லை. அவர் போனபிறகு அந்தத் தொதலை என்ன செய்வதென்று தெரியாமல் நப்லாவின் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன்.

அடுத்த நாள் முஹ்ஸின் வந்தான். உள்ளே வரவில்லை. சந்துப் பக்கத்து மதிலோரம் நின்று தூண்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். றுமானா குசினி யன்னலில் நின்றாள். மோட்டார்சைக்கிளைக் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டுபோய்த்தான் ஸ்டார்ட் பண்ணினான். அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்திருப்பான். கேட்டது.

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அவள் உன்னைத் திட்டவில்லை, என்னையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். தலைக்குமேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன முழம் என்ன என்று நான் ஒருநாள் சொன்னேன். “உம்மா, முழம் கணக்கு இனி இந்த வீட்டில எடுக்க வாணாம்” என்றாள். அவ்வளவுதான் அவள் பேசியது.

போன கிழமை கிளைட்டன் பாஸ் வந்தார். தூணில் நீட்டிக்கொண்டிருக்கிற கம்பி எல்லாம் துருப்பிடிக்கிறது, மழை வந்தால் கொங்கிரீட்டும் வெடிக்கும், கம்பியை வெட்டித் தூணையும் உடைத்து அகற்றிவிடட்டா, பார்க்கப் பார்க்க உங்களுக்கும் மனவருத்தம்தானே என்று கேட்டார். சரி என்று சொல்ல வாய் திறந்தேன். அப்போதுதான் சபையில் இருந்து வந்த திருத்திய வரைபடம் ஞாபகம் வந்தது. எடுத்துப் பார்த்தேன். அனுஷ்கா பிள்ளை அழகாக வரைந்திருக்கிறது, உன் கையைவிடத் துப்புரவு. பின்னறை, கட்டில் கிடந்த இடம், யன்னல், எல்லாம் இருக்கிறது. அதற்கு வெளியே நான்கு சதுரம். “முடிவுறாத தூண்கள் நான்கு” என்று எழுதியிருக்கிறது. படத்தில் உள்ளதை இடிக்கவோ, கூட்டவோ, உயர்த்தவோ கூடாது.

கை வைக்க ஏலாது பாஸ் என்று இந்தத் தரம் நான் சொன்னேன்.

ஆகவே ஜெமீல், நூஹு மகளுக்கு எழுப்பிய தூண் இனி ஒரு நாளும் மேலே போகாது, கீழேயும் வராது. உன் தெருவில் அதுவும் ஒரு பழம்பொருள். றுமானா இரண்டு தூணுக்கு நடுவே கயிறு கட்டி உடுப்புக் காயப்போடுகிறாள். நூஹு சொன்னது சரிதான். களப்புக் காற்று நேராக வருகிறது, உடுப்பு ஒரு மணித்தியாலத்தில் காய்ந்துவிடுகிறது.

வா. புதுப் பாய் விரிக்கமாட்டேன், நல்ல கோப்பையும் எடுக்கமாட்டேன். குசினியில் நான் குடிக்கிற கோப்பையில்தான் தேத்தண்ணி. உன் பொறாமையை எழுதியிருந்தாயே, அதற்காகத்தான் வரச் சொல்கிறேன். அதை நீ கலியாணம் முடித்த காலத்திலேயே சொல்லியிருந்தால் ஒரு அறையை உனக்கென்று பூட்டி வைத்திருப்பேன். நீயும் என்னிடம் கேட்கவில்லை, நானும் உன்னிடம் கேட்கவில்லை.

றுமானா இருக்கும்போது மட்டும் பின்பக்கம் போகாதே.

வருமுன் போன் பண்ணு. நாளைக்கு அஸருக்குப் பிறகு பண்ணு. இப்போது யார் போன் அடித்தாலும் ஓடிப்போய் எடுத்துவிடுகிறேன். பல்லுத்தூள் விற்கிறவன் அடித்தாலும் எடுக்கிறேன். நீ அடித்தால் முதல் மணியிலேயே எடுப்பேன்.

ராத்தா
பஸீஹா